ஐரிஷ் 'பொக்', சிலாவிய 'பொக்': ஓர் ஒலி, இரு வேர்கள்

ஐரிஷ் மொழியிலும், குரோவாசியம், செர்பியம் போன்ற சிலாவிய மொழிகளிலும் 'பொக்' என்றொரு சொல் உண்டு. ரோமன் எழுத்தில் எழுதினால் இரண்டுக்கும் பி, ஓ, ஜி என்ற அதே மூன்று எழுத்துகள்தாம். ஆனால் ஐரிஷில் இதன் பொருள் 'மென்மையான'. சிலாவிய மொழிகளில் 'கடவுள்'.

இம்மொழிகள் யாவும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே ஒரே சொல்தான் பொருள் திரிந்து இரண்டாயிற்று என எண்ணத் தோன்றும். அது சரியன்று.

ஐரிஷ் சொல் 'வளைதல்' என்னும் தொன்மையான வேரிலிருந்து வந்தது என்பர் மொழியியலார். வளைந்து கொடுப்பது மென்மையானது அல்லவா? இதிலிருந்தே காலடியில் அமிழும் சதுப்பு நிலத்துக்கும் பெயர் பிறந்தது. ஆங்கிலம் அப்பெயரை ஐரிஷ், ஸ்காட்லாந்து கேலிக் மொழிகளிலிருந்து கடன் பெற்றது.

சிலாவியச் சொல்லின் வேர்ப்பொருள் 'பகிர்தல், பங்கு'. செல்வத்தைப் பகிர்ந்தளிப்பவர் கடவுள் என்பது கருத்து. ருஷ்ய மொழியில் 'செல்வமுள்ள' என்பதற்கான சொல்லும் இவ்வேரிலிருந்து வந்ததே. முதலாம் தாரியசின் பாரசீகக் கல்வெட்டுகளில் கடவுளைக் குறிக்கும் சொல் 'பக'. சிலாவியர் இச்சொல்லை ஈரானிய மொழியினரிடமிருந்து பெற்றனரா, தம் மூதாதையரிடமிருந்தே பெற்றனரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இரு வேர்களையும் பிரித்துக் காட்டுவது உயிரொலி. ஐரிஷ் சொல்லின் 'ஒ' முன்னர் 'உ'வாக இருந்தது; சிலாவியச் சொல்லின் 'ஒ' முன்னர் 'அ'வாக இருந்தது. சமஸ்கிருதம் அந்தப் பழைய உயிர்களைக் காத்து வைத்துள்ளது. 'வளை' என்னும் வேரின் வழிவந்தது 'புஜம்' என்பர்; 'பகிர்' என்னும் வேரின் வழிவந்தவை 'பகவான்', 'பாகம்', 'பாக்கியம்'. இவை அனைத்தும் சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. 'பு', 'ப' என்ற வேறுபாட்டை மாணவர்கள் இவற்றில் எளிதாகக் காணலாம்.

ஐரிஷில் கடவுளைக் குறிக்கும் சொல் 'தியா'. இதன் உண்மையான உறவு சமஸ்கிருத 'தேவ', இலத்தீன் 'தேயுஸ்' ஆகியவற்றோடுதான். ஒலியில் ஒன்றாக இருப்பவை உறவற்றவையாகவும், வேறாக ஒலிப்பவை உறவுடையவையாகவும் இருக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

இரண்டொரு சொற்கள் ஒலியால் ஒத்திருப்பதைக் கொண்டு இனங்களின் உறவையும் குடிப்பெயர்ச்சியையும் நிறுவ முற்படும் எழுத்துகள் எம்மொழியிலும் உண்டு. அவற்றைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த ஒலிமாற்றம் வேறு பல சொற்களிலும் இதே ஒழுங்கில் நிகழ்ந்துள்ளதா? இல்லையெனில் அந்த ஒற்றுமையை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது.