உப்புக்கு ஒரு கால் ரூபாய் – 1931 அவசர பட்ஜெட்டும் மக்களின் கோபமும்

1930 ஏப்ரல் 13. திருச்சி கன்டோன்மென்ட்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் வேதாரண்யத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். ஏப்ரல் 28-ல் போய்ச் சேர்ந்தார்கள், 30-ம் தேதி உப்பு அள்ளினார்கள், ராஜாஜி கைதானார். இந்தக் கதை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

ஆனால் பாடப்புத்தகம் அத்தோடு நின்றுவிடுகிறது. இவ்வளவு பெரிய போராட்டத்துக்குப் பிறகு உப்பு வரி குறைந்ததா? இல்லை. அடுத்த ஆண்டே ஏறியது! அதுவும் உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரத்தில்.

மந்தம் இங்கே எப்படி வந்தது?

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. அமெரிக்காவில் வேலை போனது, தொழிற்சாலை மூடியது என்று படிக்கிறோம். இந்தியாவில் மந்தம் வேறு உருவத்தில் வந்தது. இங்கே விழுந்தது விலை. நெல், பருத்தி, நிலக்கடலை எல்லாவற்றின் விலையும் சில ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிக்கு இறங்கிவிட்டது.

விலை குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். வாங்குகிறவனுக்கு நல்லது. விற்கிறவனுக்கு? அன்றைய சென்னை மாகாணத்தில் நிலவரியைப் பணமாகக் கட்ட வேண்டும். கடனுக்கு வட்டியும் பணமாகத்தான். முன்பு ஒரு மூட்டை விற்றுக் கட்டிய கிஸ்திக்கு இப்போது இரண்டு மூட்டை விற்க வேண்டும். அரசாங்கம் ஒரு பைசா உயர்த்தாமலேயே வரி இரண்டு மடங்கு ஆகிவிட்டது. மந்த காலத்து வரி பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

ஏழு மாதத்தில் இரண்டு பட்ஜெட்

அப்போது இந்திய அரசின் நிதி உறுப்பினர் சர் ஜார்ஜ் ஷூஸ்டர். அரசின் பெரிய வருமானம் சுங்க வரி. மக்களிடம் பணம் இல்லை, இறக்குமதி குறைந்தது, சுங்க வருமானமும் விழுந்தது. ராணுவச் செலவும், லண்டனுக்கு பவுனில் அனுப்ப வேண்டிய தொகையும் மட்டும் அப்படியே நின்றன. 1931 பிப்ரவரி கடைசியில் போட்ட பட்ஜெட்டிலேயே வருமான வரியையும் சுங்க வரியையும் ஷூஸ்டர் உயர்த்தினார். போதவில்லை. செப்டம்பர் 29-ம் தேதி இரண்டாவதாக ஒரு அவசர பட்ஜெட் கொண்டுவந்தார்.

அதில் இருந்த முக்கியமான விஷயங்கள்:

– ஏற்றுமதி வரி தவிர்த்து, இருக்கும் வரிகள் மீது 25 சதவீதம் சர்சார்ஜ். உப்பு, மண்ணெண்ணெய், வருமான வரி எல்லாமே இதில் அடக்கம்.
– ஆண்டு வருமானம் 2000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வருமான வரி இல்லை என்ற வரம்பு 1000 ரூபாயாக இறக்கப்பட்டது.
– அரை அணா போஸ்ட் கார்டு முக்கால் அணா.
– அதுவரை வரியில்லாமல் வந்த இயந்திரங்களுக்கு 10 சதவீத இறக்குமதி வரி.
– அரசு ஊழியர் சம்பளத்தில் 10 சதவீத வெட்டு.

வரம்பை 1000 ஆக்கியதன் அர்த்தம் என்ன? மாதம் 84 ரூபாய் சம்பாதிக்கிற குமாஸ்தாவும், அதே அளவு லாபம் பார்க்கிற திருச்சி பெரிய கடைவீதி சில்லறை வியாபாரியும் வருமான வரிக்குள் வந்துவிட்டார்கள். அந்தக் குமாஸ்தா அரசு ஊழியராக இருந்தால் சம்பள வெட்டும் உண்டு.

வையம்பட்டிக் கணக்கு

உப்பு வரி ஒரு மவுண்டுக்கு (சுமார் 37 கிலோ) 1 ரூபாய் 4 அணாவாக இருந்தது. சர்சார்ஜுக்குப் பிறகு 1 ரூபாய் 9 அணா. ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 6 கிலோ உப்பு என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 30 கிலோ. பழைய வரி சுமார் 16 அணா, அதாவது ஒரு ரூபாய். புது வரி சுமார் 20 அணா. ஆக வருடத்துக்குக் கால் ரூபாய் அதிகம்.

கால் ரூபாய்க்கா இவ்வளவு சத்தம் என்று இன்றைக்குத் தோன்றலாம். ஆனால் அணாக் கணக்கில் கூலி வாங்கிய காலம் அது. வருமானம் பாதியானவனும் உப்பைப் பாதியாகக் குறைக்க முடியாது. கஞ்சிக்கும் உப்பு வேண்டும், வேர்வை சிந்தி உழைக்கிறவனுக்குக் கூடுதலாகவே வேண்டும், மாட்டுக்கும் வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1931 மார்ச் 5-ல் காந்தி–இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி, உப்பு கிடைக்கும் இடத்தை ஒட்டிய கிராமத்தார் வீட்டு உபயோகத்துக்கு உப்பு எடுக்கலாம், தங்கள் கிராமத்துக்குள் விற்கலாம். வெளியாருக்கு விற்கக்கூடாது. வேதாரண்யத்துக்காரர்களுக்கு இது லாபம். ஆனால் திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் பாதையில், கடலையே பார்க்காத மானாவாரிச் சீமையில் இருக்கும் வையம்பட்டிக்கு? அங்கே உப்பு கடைக்குத்தான் வர வேண்டும், வரியோடுதான் வர வேண்டும். உப்பு யாத்திரை புறப்பட்டது திருச்சியிலிருந்து. அதன் சலுகையோ திருச்சி ஜில்லாவின் உள்நாட்டுக் கிராமங்களை எட்டவே இல்லை. சர்சார்ஜ் மட்டும் தவறாமல் எட்டியது.

"வேண்டாம்" என்ற சபை

காங்கிரஸ்காரர்கள் அப்போது மத்திய சட்டசபையில் இல்லை. 1930-லேயே வெளியேறிவிட்டார்கள். காந்தி வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டனில் இருந்தார். சபையில் மிச்சமிருந்தவர்கள் பெரும்பாலும் மிதவாதிகள், வியாபாரப் பிரமுகர்கள், அரசு நியமித்த உறுப்பினர்கள். அப்படிப்பட்ட சபையே இந்த மசோதாவை ஏற்க மறுத்தது! ராணுவச் செலவை இன்னும் குறையுங்கள், ஏழை மேல் போடாதீர்கள் என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

அரசாங்கம் என்ன செய்தது? வைஸ்ராய் வில்லிங்டன் தன் தனி அதிகாரத்தால் சான்றளித்து, மசோதாவைச் சட்டமாக்கினார். இது முதல் தடவையும் அல்ல. 1923-ல் உப்பு வரியை இரண்டு மடங்காக்கி 2 ரூபாய் 8 அணா ஆக்கியபோதும் சபை மறுத்தது, வைஸ்ராய் ரீடிங் சான்றளித்தார். எதிர்ப்பு தாங்காமல் அடுத்த வருடமே பழைய விகிதத்துக்குத் திரும்பினார்கள். 1931-ல் அந்தத் திரும்புதலும் நடக்கவில்லை.

சபையில் பேச இடமில்லாத மக்கள் என்ன செய்தார்கள்? கையில் இருந்ததை விற்றார்கள். 1931 செப்டம்பர் 21-ல் பிரிட்டன் தங்க அடிப்படையைக் கைவிட்டது. ரூபாயை ஸ்டெர்லிங்கோடு கட்டியிருந்ததால் இங்கே தோலா 21 ரூபாய் சொச்சம் இருந்த தங்கம் சில மாதங்களில் 30 ரூபாயை நெருங்கியது. வரிக்கும் வட்டிக்கும் வழியில்லாத குடும்பங்களின் நகைகள் உருக்கப்பட்டு பம்பாய் வழியாகக் கப்பல் ஏறின. அந்த நிதியாண்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தங்கம் வெளியே போனது. பட்ஜெட்டுக்கு மக்கள் காட்டிய எதிர்வினையில் சத்தமே இல்லாத பகுதி இதுதான். தங்க ஏற்றுமதியைத் தடை செய்யுங்கள் என்று தேசியத் தலைவர்களும் வியாபார சங்கங்களும் கேட்டார்கள். அரசாங்கம் கேட்கவில்லை. 1932 ஜனவரியில் காந்தி கைதானார், சட்டமறுப்பு மறுபடி தொடங்கியது.

லண்டனில் நடந்தது வேறு

அதே செப்டம்பரில் பிரிட்டனிலும் ஒரு அவசர பட்ஜெட் வந்தது. நிதியமைச்சர் பிலிப் ஸ்னோடன் வருமான வரியை உயர்த்தினார், வேலையில்லாதோர் உதவித்தொகையில் 10 சதவீதம் வெட்டினார். சம்பள வெட்டைக் கேட்ட கடற்படை வீரர்கள் இன்வர்கார்டனில் வேலை செய்ய மறுத்தார்கள். கோபம் அங்கேயும் இருந்தது.

ஆனால் அக்டோபர் 27-ல் அங்கே பொதுத்தேர்தல் நடந்தது. அந்தக் கசப்பு மருந்தைக் கொடுத்த தேசிய அரசாங்கமே மிகப்பெரிய வெற்றி பெற்றது. ஒரே மாதம், ஒரே மந்தம், ஒரே மாதிரி பட்ஜெட். அங்கே மக்களைக் கேட்டார்கள், அவர்கள் சம்மதித்தார்கள். இங்கே சபை வேண்டாம் என்றது, ஒருவர் கையெழுத்தில் சட்டமானது.

18 மாதம், 16 வருடம்

அந்தச் சட்டம் 1933 மார்ச் 31 வரைக்கும், அதாவது சுமார் 18 மாதத்துக்கு என்றுதான் வந்தது. ஆனால் உப்பு மீதான சர்சார்ஜ் போகவே இல்லை. மந்தம் முடிந்தது, உலகப்போர் வந்தது, அதுவும் முடிந்தது, 1 ரூபாய் 9 அணா அப்படியே இருந்தது. கடைசியில் 1947 பிப்ரவரி 28-ல் இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலி கான் தன் பட்ஜெட்டில் உப்பு வரியையே ஒழித்தார். தற்காலிகம் என்று வருகிற வரியை மக்கள் ஏன் நம்புவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

இது பழங்கதை மட்டும் அல்ல. இலங்கையில் 2022-ல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. 2023 ஜனவரியில் வருமான வரி 36 சதவீதம் வரை உயர்ந்தது. டாக்டர்கள், வங்கி ஊழியர்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள் மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே மார்ச் 9-ல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், பணம் இல்லை என்று தள்ளிப்போடப்பட்டது. 2024 செப்டம்பரில் அதிபர் தேர்தல் வந்தபோது, பதவியில் இருந்த ரணில் விக்கிரமசிங்க மூன்றாம் இடத்துக்குப் போனார்.

பற்றாக்குறை பொய் இல்லை. 1931-ல் ஷூஸ்டரின் கஜானா உண்மையிலேயே காலிதான். மந்த காலத்தில் வரி போடலாமா கூடாதா என்று பொருளாதார நிபுணர்கள் வாதாடிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. மக்கள் கால் ரூபாயைக் கூடத் தாங்கிக்கொள்வார்கள், கேட்டுவிட்டு வாங்கினால். கேட்காமல் வாங்கிய கால் ரூபாய்க்கு அரசாங்கங்கள் கொடுத்த விலை எப்போதுமே அதிகம்.