நலங்கும் மாண்டோவும்

என் தோழி கும்பகோணத்துக்காரி. அவள் மணந்தவர் தெற்குக் கோவாவின் சால்செட் பகுதியில் உள்ள குர்டோரிம் கிராமத்தவர். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி சென்னையில் பதிவு செய்துகொண்டார்கள். இரண்டு வீட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. அந்தச் சட்டம் மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த நாங்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்து நின்றபோது அவள் அழவில்லை. "யாராவது ஒரு பாட்டாவது பாடுங்கடீ" என்றாள்.

அவள் ஏன் பாட்டைக் கேட்டாள் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு உறவு உண்டு. மூன்றாம் முடிச்சு நாத்தனாருக்கு, மாலை எடுத்துக் கொடுப்பது தாய்மாமனுக்கு, பொரி அள்ளிப் போடுவது பெண்ணின் சகோதரனுக்கு. அந்த உறவு வராவிட்டால் அந்த இடம் காலியாகவே நிற்கும். ஒன்றுவிட்ட முறையில் ஒருவரைத் தேடிப் பிடித்து நிறுத்துவார்களே தவிர, சிநேகிதிக்குத் தர மாட்டார்கள். நலங்குப் பாட்டு மட்டும் அப்படியில்லை. தெரிந்தவர் பாடலாம். அடுத்த வீட்டு அம்மாள் பாடலாம். விடுதித் தோழியும் பாடலாம்.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்தில் நலங்கு வைத்தோம். கீழ்வீட்டுப் பாட்டி மன்னார்குடிப் பக்கம். பாட்டுகளெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஜமக்காளத்தில் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் கோடு இழுத்தோம். தேங்காய் உருட்டினார்கள். அப்பளம் உடைந்தது. பாட்டி மாப்பிள்ளையைக் கேலி செய்து பாட ஆரம்பித்தார்.

சிக்கல் அங்கேதான் வந்தது. நலங்குப் பாட்டின் உயிரே கேலி. மாப்பிள்ளையின் நிறம், நடை, அவர் தாயாரின் கஞ்சத்தனம் என்று ஒன்றையும் விடாது. அவருக்கோ தமிழில் பத்து வார்த்தை தெரியும். ஒவ்வொரு அடிக்கும் நாங்கள் பொருள் சொன்னோம். சொல்லிமுடிப்பதற்குள் சிரிப்பு ஆறிப்போனது. பாட்டு தெரியாதவரைப் பாடாத இடத்தில் உட்காரவைக்கிறது நம் நலங்கு. அவருக்கு அதில் வேலை இல்லை, அவர்தான் பாடுபொருள். காலை நீட்டிக்கொண்டு, எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இருந்தார். அன்றிரவு தோழியிடம், "என் ஊரிலும் இப்படித்தான், ஆனால் தலையிலிருந்து ஊற்றுவார்கள்" என்று சொன்னாராம்.

அவர் சொன்னது ரோஸ் என்ற சடங்கை. கோவாவின் கத்தோலிக்க வீடுகளில் கல்யாணத்துக்கு முன்பு மணப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் அவரவர் வீட்டில் உட்காரவைத்துத் தேங்காய்ப்பால் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். பெண்கள் ஸோத்தி என்ற கொங்கணிப் பாட்டுகளைப் பாடுவார்கள். மதம் மாறி நூற்றாண்டுகள் ஆகியும் தேங்காய் மாறவில்லை. நலங்கும் ரோஸும் ஒரே கரையோரப் பழக்கத்தின் இரண்டு கிளைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது. அவர் தோழியிடம் சொன்ன அந்த வார்த்தைதான் எனக்குச் சான்று.

டிசம்பரில் அவருடைய நண்பர்கள் எங்களை அழைத்தார்கள். அவர் பிறந்த வீட்டுக்கு அல்ல. அதே ஊரில் ஒரு நண்பரின் பழைய வீட்டுக்கு. சிப்பி பதித்த ஜன்னல், நீண்ட கூடம், சுவரோரம் நாற்காலிகள். அங்கேதான் மாண்டோவைக் கேட்டேன்.

மாண்டோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் சால்செட் பகுதியின் கூடங்களில் தழைத்த பாட்டு. மொழி கொங்கணி, இசையின் எலும்பு ஐரோப்பியம், துக்கம் முழுக்க உள்ளூர். மெதுவாக நகரும். வயலின் ஒன்று, குமோட் ஒன்று போதும். குமோட் என்பது மண்பானை. அகன்ற வாயில் தோல் கட்டியிருக்கும். சிறிய வாய் திறந்திருக்கும். அந்தத் திறப்பை உள்ளங்கையால் மூடித் திறந்து ஒலியை மாற்றுவார்கள். முன்பு உடும்புத் தோல் கட்டினார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது கூடாது என்றாகி, இன்று ஆட்டுத்தோல். கோவா அரசு 2019இல் இதைத் தன் பாரம்பரிய வாத்தியமாக அறிவித்தது. குர்டோரிம்காரர்கள் மாண்டோவைத் தங்கள் ஊரின் சொத்து என்பார்கள். அதை இயற்றியவர்களில் பெயர்பெற்ற லிகோரியோ கோஸ்டா அந்த ஊர்க்காரர்.

பாட்டு தொடங்கியதும் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று எதிரெதிரே நின்றார்கள். ஒரு மூதாட்டி தன் விசிறியைத் தோழியின் கையில் வைத்து, தோளைத் தொட்டு வரிசையில் தள்ளினார். முன்னே இரண்டு அடி, பின்னே இரண்டு அடி, பிறகு இடம் மாற வேண்டும். அவளுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் பல்லவி திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாம் சுற்றில் அவள் வாய் அசைவதைப் பார்த்தேன். மாண்டோ முடிந்ததும் துல்பொத் வரும்: வேகமான, ஊர்க்கதை சொல்லும் துள்ளல் பாட்டுகள். அதற்குக் கைதட்டத் தெரிந்தால் போதும். அந்தக் கூடத்தில் வேடிக்கை பார்க்கும் இடமே இல்லை.

இங்கே என் சார்பைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவருக்கு மாண்டோ நல்ல வாசல். நலங்கு மொழி தெரிந்தவரைத்தான் முழுதாக உள்ளே விடும். மூன்றாம் சுற்றிலேயே அவளுக்குக் கிடைத்த இடம், எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு நாள் முழுக்கக் கிடைக்கவில்லை. அன்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் மாண்டோ கூடத்துக்குள் நடப்பது. கதவைச் சாத்தினால் தெருவுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் நாதஸ்வரம் செய்வது வேறு காரியம். அது திறந்தவெளிக்காகப் பிறந்த வாத்தியம். அடுக்ககத்தில் வாசித்தால் நான்கு மாடி கலங்கும். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில் ஆச்சாமரத்தைக் கடைந்து அதைச் செய்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பச்சை மரம் உதவாது. இடித்த பழைய வீடுகளின் உத்தரக் கட்டைகளைத் தேடி வாங்குவார்கள். பக்கத்தில்தான் நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை. திமிரி என்ற குட்டை நாயனத்தை விட நீளமான, கீழ்ச்சுருதிப் பாரி நாயனத்தை நிலைநாட்டியவர் அவர்.

அந்த மாசியில் நாங்கள் ஐந்து பேரும் கும்பகோணம் போனோம். தோழி தன் வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் சாமி புறப்பாடு. இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம். மல்லாரி முழங்க மேளம் அவள் பிறந்த தெருவுக்குள் திரும்பியது. மேளத்தின் பின்னால் நடக்க யாரும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அவளும் அவரும் நடந்தார்கள். திண்ணைகளில் கற்பூரத் தட்டோடு நின்றவர்கள் சாமியைப் பார்த்தார்கள், பிறகு அவர்களையும் பார்த்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பதிவு அலுவலகத்தின் மூன்று கையெழுத்தும் குர்டோரிம் கூடமும் தராத ஒன்று அது. அந்தத் தெரு அவளை அவரோடு பார்த்துவிட்டது.

அடுத்த தை மாதம் மற்றொரு தோழிக்கு நலங்கு வைத்தோம். மஞ்சள் குழைத்தது கோவாக்காரர்தான். பாட்டி லாலி எடுத்தார். நம் வீட்டுப் பாட்டை எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் ஒரே சுரத்தில் போவோம். மாண்டோ அப்படியல்ல, ஒரு குரல் மெட்டைப் பாட, மற்றொன்று சற்று விலகி, கூடவே இணையாகப் போகும். இரண்டாம் அடியில் அவர் தன் ஊர் வழக்கப்படி லாலிக்கு அந்த இரண்டாம் குரலைச் சேர்த்தார். பாட்டி நிறுத்தினார்.

"சுதி விலகுதே தம்பி?"

அவர் பயந்து போனார். தோழி, "விலகல பாட்டி, அவர் பக்கத்துல நடக்கறார்" என்றாள்.

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முதல் அடியிலிருந்து மறுபடி எடுத்தார், இந்த முறை மெதுவாக, அவர் கூட வருவதற்கு இடம் விட்டு.