ஏழு நாள் சைக்கிள்

கோவை வட்டாரத்தில் நெடுந்தொலைவு சைக்கிள் ஓட்டம் இன்று மதிப்புடைய ஒரு விளையாட்டு. விடியுமுன் தலைக்கவசமும் விளக்கும் அணிந்து கிளம்புவோரில் மருத்துவர், ஆலை உரிமையாளர், மென்பொருள் பணியாளர் எனப் பலர் உண்டு. 'பிரெவே' என்னும் பிரெஞ்சுப் பெயர் கொண்ட பயணங்களில் 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். வழியிலுள்ள நிலைகளில் அட்டையில் முத்திரை பெற வேண்டும். முதலிடம், இரண்டாமிடம் என்பதில்லை. முடித்தவரின் பெயர் பாரிஸிலுள்ள சங்கத்தின் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. 2008 முதல் நடந்துவரும் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' பயணத்தையும் பலர் அறிவர். இவற்றோடுதான் நம் பகுதியில் இவ்விளையாட்டு தொடங்கிற்று என்று சொல்லப்படும்போது என்னால் ஒப்ப முடிவதில்லை.

நாற்பதைக் கடந்த வாசகர்களுக்கு நான் சொல்லவருவது விளங்கியிருக்கும். கோயில் திடலில் ஒரு கம்பம். அதில் குழல் விளக்கும் ஒலிபெருக்கியும். கம்பத்தைச் சுற்றி ஒருவர் சைக்கிள் ஓட்டிக்கொண்டே இருப்பார். மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று கெடு. அதுவரை கால் தரையில் படக்கூடாது. பல் துலக்குவதும் உண்பதும் குடத்து நீரைத் தலையில் கவிழ்த்துக் குளிப்பதும் சைக்கிள் மேலேதான். சட்டையில் ரூபாய்த் தாளைக் குத்துபவரின் பெயர் மைக்கில் முழங்கும். இரவில் ரெக்கார்ட் டான்சும், மார்பில் டியூப் லைட் உடைப்பதும் நடக்கும். விசைத்தறி ஓடும் ஊர்களில் இரவு ஷிப்ட் முடிந்து வருபவர்கள், 'இறங்கினானா, இல்லையா' என்று பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். நள்ளிரவுக்குமேல் இறங்கித் தூங்கிவிடுகிறார் என்ற ஐயம் எல்லா ஊரிலும் இருந்தது. அவ்வையத்தைத் தீர்த்துவைக்க நடுவர் எவரும் இருந்ததில்லை.

இது கழைக்கூத்து போன்ற வேடிக்கை, விளையாட்டாகுமா என்று கேட்கலாம். மேலை நாட்டு வரலாறு இதற்கு விடை சொல்கிறது. 1878-இல் டேவிட் ஸ்டாண்டன் என்பவர் லண்டன் இஸ்லிங்டனில் இருந்த வேளாண் மண்டபத்துக்குள், ஆறு நாட்களில் 1,000 மைல் ஓட்டுவதாகப் பந்தயம் கட்டி, உயரச் சக்கர சைக்கிளில் தனியொருவராகச் சுற்றி வென்றார். பந்தயத் தொகை 100 பவுண்டு. ஞாயிறு ஓய்வுநாள் என்பதால்தான் ஆறு நாள் என்ற கணக்கு. காசு கொடுத்து வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் நடுவே வட்டமிடும் ஒற்றை மனிதர்; நம் திடலில் கண்ட காட்சிதான். இந்த ஆறுநாள் பந்தயம் அமெரிக்காவுக்குச் சென்றபோது, உறக்கமின்றிச் சித்தம் கலங்கிய ஓட்டக்காரர்களைக் கண்டு பத்திரிகைகள் கண்டித்தன. 1898-இல் நியூயார்க் மாநிலம், எவரும் நாளொன்றுக்குப் 12 மணி நேரத்துக்குமேல் ஓட்டக்கூடாது எனச் சட்டம் இயற்றியது. உடனே இருவர் மாறிமாறி ஓட்டும் முறை பிறந்தது. மாடிசன் சதுக்கக் கூடத்தின் பெயரால் 'மாடிசன்' எனப்பட்ட அவ்வகைப் போட்டி 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

ஏனையவற்றின் பிறப்பும் தூயதன்று. 1891-இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தைத் தொடங்கியது ஒரு நாளிதழ். அதற்கு விற்பனை பெருக வேண்டியிருந்தது. அதில் வென்ற சார்ல் தெரோன் 1,200 கிலோமீட்டரை உறங்காமல் ஏறத்தாழ 71 மணி நேரத்தில் முடித்தார். இன்றைய பிரெவேக்காரர்களின் பெருங்கனவு அந்த ஓட்டந்தான். இன்றைய கெடு 90 மணி நேரம். பனிச்சறுக்குப் பலகை கட்டி மலையேறும் போட்டிகளில் புகழ்பெற்ற சுவிட்சர்லாந்தின் 'பத்ரூய் தே கிளாசியே' 1943-இல் படைவீரர்களின் போர்த் தகுதியைச் சோதிக்க ஏற்பட்டது. 1949-இல் ஒரு குழுவினர் மூவரும் பனிப்பிளவில் விழுந்து இறந்தனர். தடைசெய்யப்பட்ட போட்டி 1984-இல்தான் மீண்டும் நடந்தது. பனிச்சறுக்கு மலையேற்றம் 2026-இல் குளிர்கால ஒலிம்பிக்கிலும் நுழைந்துவிட்டது. சூதாட்டமும் பத்திரிகை வணிகமும் படைப்பயிற்சியும் விளையாட்டாக மாறியதற்கு ஒரு காரணம், யாரோ நேரத்தைக் குறித்துவைத்தார்கள் என்பதே.

நம் திடலில் எவரும் குறிக்கவில்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நடை வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக மணிக்கு 6 கிலோமீட்டர் என்று கொண்டால், ஏழு நாளின் 168 மணி நேரத்துக்கு 1,008 கிலோமீட்டர் வரும். இரவில் சில மணி நேரம் இறங்கினார் என்றே வைத்துக்கொண்டு கழித்தாலும், சிறிய தொலைவன்று. மேலும் மெதுவாக ஓட்டுவது எளிது என்று எண்ணிவிடக்கூடாது. வேகம் கூடினால் சைக்கிள் தானாகவே நிலைகொள்ளும். வேகம் குறையக் குறைய கைப்பிடியை இடைவிடாது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே திசையில் வட்டமிடுவதால் உடல் ஒருபுறமாகவே சாய்ந்திருக்கும். கண நேரம் கண் அயர்ந்தாலும் விழ வேண்டியதுதான். கியர் இல்லாத கனத்த சைக்கிள், தோல் இருக்கை, பயிற்சியாளரும் உணவுத் திட்டமும் இல்லாத உடல். பயிற்சி என்று ஏதேனும் இருந்திருந்தால், அது முந்தைய ஊரில் ஓட்டிய ஏழு நாள்தான்!

பிரெவே ஓட்டுபவர்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. அவர்கள் படும் பாடும் மெய்யானதே. ஆனால் அவர்கள் ஓய்வு நாளில் உடலை வருத்துகிறார்கள். திடல்காரருக்கு வருத்துவதே வயிற்றுப்பாடு. ஆகவேதான் ஒன்று சாதனையாகவும் மற்றது பிழைப்பாகவும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தபின் திடல் மெல்ல வெறிச்சோடியது. ஓட்டியவர்கள் என்ன ஆனார்கள் என்று ஊரில் கேட்டால், 'அவரு அந்தப் பக்கத்து ஆளுங்க' என்ற ஒரு வரிக்குமேல் கிடைப்பதில்லை. பெயர்கூட இல்லை.

மில் தொழிலாளர் வரலாற்றை எழுதியவர்கள் சங்கத் தீர்மானங்களைத் தேடிப் படித்தார்கள். இதற்கு அப்படி எதுவுமில்லை. தேடுவதானால் பழைய அச்சகங்களில் எஞ்சிய நோட்டீஸ்களில் தேட வேண்டும். மைக் செட் வாடகைக்குக் கொடுத்த கடைகளின் கணக்கு நோட்டுகளில் நாளும் ஊரும் இருக்கலாம். கடைசி நாளில் மாலையோடு இறக்கிவிடும்போது ஸ்டுடியோக்காரர் எடுத்த படம் எவர் வீட்டுப் பெட்டியிலாவது கிடக்கலாம். சோமனூர், பல்லடம், அவினாசிப் பக்கத்து நண்பர்கள் வீட்டுப் பரண்களை ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். படத்தின் பின்புறம் பெயர் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.