பொடியில் பசையா, மையில் பொடியா?

காகிதத்தில் எழுத்தைப் பதிக்கும் இங்க்ஜெட் தலையைக் கொண்டே பீங்கான் உருவங்களை அடுக்கடுக்காக எழுப்பலாம். அதற்கு வழிகள் இரண்டு. இரண்டுக்கும் ‘முப்பரிமாண அச்சு’ என்றே பெயர் வழங்குவதால் குழப்பம் வருகிறது. பீங்கான் துகள் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

முதல் வழி, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இமானுவேல் சாக்ஸ், மைக்கேல் சீமா முதலியோர் கண்டது. 1993-இல் காப்புரிமை கிடைத்தது. அலுமினா என்னும் பீங்கானின் பொடியை மெல்லிய படலமாகப் பரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் பசைத்துளியைத் தெளிப்பார்கள். அதன்மேல் அடுத்த படலம். முடிந்ததும் ஒட்டாத பொடியைத் தூரிகையால் துடைத்தால் உருவம் வெளிவரும். தொங்கும் பகுதிகளை அந்த உதிரிப்பொடியே தாங்கிக்கொள்ளும், முட்டு வேண்டாம். ஆனால் பொடி சீராகப் பரவ வேண்டுமானால் துகள் பருமனாக இருக்க வேண்டும். பருமனான துகள்களுக்கு நடுவே விழும் இடைவெளி, சூளையில் சுட்ட பிறகும் பெரும்பாலும் நுண்துளைகளாக நின்றுவிடும்.

இரண்டாவது வழியில் துகள் மைக்குள்ளேயே இருக்கிறது. 1990-களில் இங்கிலாந்தின் புருனெல் பல்கலைக்கழகத்தில் மோகன் எதிரிசிங்க, ஜூலியன் எவன்ஸ் குழுவினர் இதில் முன்னோடிகள். துளி வெளிவரும் முனை (நாசில்) அடைக்காமலிருக்கத் துகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருப்பது நல்லது. மையில் துகளின் விகிதத்தைக் கூட்டினால் மை கெட்டியாகித் துளி பிரியாது. குறைத்தால் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கே எத்தனையோ முறை அச்சிட வேண்டும்.

துளி காயும் விதமும் ஒரு சோதனைதான். மேசையில் சிந்திய காப்பி காயும்போது கறை ஓரத்தில் வளையமாகத் திரளும் அல்லவா? பீங்கான் மையிலும் துகள்கள் ஓரத்துக்கு ஓட, நடுவில் குழி விழுகிறது. அடுக்குகள் ஏற ஏறச் சுவர் மேடுபள்ளமாகிவிடும். இதைத் தவிர்க்க, பொருளறிவியலாளர் பிரையன் டெர்பியும் சகாக்களும் நீருக்குப் பதில் உருகிய மெழுகில் அலுமினாவைக் கலந்தார்கள். விழுந்த துளி காய வேண்டியதில்லை, அப்படியே உறைந்துவிடும். இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த தீர்வு இதுவே. பின்னாளில் இஸ்ரேலின் எக்ஸ்ஜெட் நிறுவனம், சிர்கோனியா என்னும் பீங்கானின் நுண்துகள் கலந்த மையைச் சூடான தளத்தில் தெளித்து, திரவத்தை உடனே ஆவியாக்கும் இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்த இரண்டாவது வழியில் நுண்துகள் நெருங்கி அமர்வதால் சுட்டபின் பொருள் கெட்டியாக வரும். சூளையில் நன்றாகச் சுருங்கும் என்பதால், அந்த அளவுக்குப் பெரிதாகவே அச்சிட வேண்டும்.

உலோக வார்ப்பு அச்சுக்கும், எலும்பு வளர இடம் தரும் சட்டகத்துக்கும் நுண்துளை வேண்டும். அங்கே பொடியைப் பரப்பும் முதல் வழியே சிறந்தது. கடிக்கும் பல்லுக்கு மேலுறை செய்ய அதை நம்ப மாட்டேன். துகள் கலந்த மைதான் சரி. இயந்திரம் வாங்க நினைக்கும் கல்லூரிகளும் பட்டறைகளும், விலைப்பட்டியலோடு சுட்டபின் கிடைக்கும் அடர்த்தி எத்தனை விழுக்காடு என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.