வழக்கும் வழக்கமும்: சட்ட ஆய்வு பற்றி வடசென்னையிலிருந்து

1

‘வழக்கு’ என்ற சொல் தமிழில் இரண்டு இடங்களில் புழங்குகிறது. இலக்கணத்தில் அது மக்கள் பேசுவதும் செய்வதும். கோர்ட்டில் அது வாதி, பிரதிவாதி, நம்பர் போட்ட காகிதக் கட்டு. தொல்காப்பியப் பாயிரம் இலக்கணத்துக்கு ஆதாரமாக வழக்கையும் செய்யுளையும் சேர்த்தே சொல்கிறது. பேச்சை மட்டும் பார்த்தோ எழுத்தை மட்டும் பார்த்தோ விதி செய்ய முடியாது என்ற தெளிவு அதில் இருக்கிறது. சட்டம் பற்றிய நம் ஆய்வுகளில் அந்தத் தெளிவு அருகிவிட்டது. ஒரு சாரார் செய்யுளை மட்டும் வாசிக்கிறார்கள்: சட்டப் பிரிவு, முன்தீர்ப்பு, மேல்முறையீட்டுத் தீர்ப்பு, அதற்கொரு வியாக்கியானம். இன்னொரு சாரார் வழக்கை மட்டும் பார்க்கிறார்கள்: கள ஆய்வு, பேட்டி, கணக்கெடுப்பு, அட்டவணை. முதலாவதைக் கோட்பாட்டு ஆய்வு என்றும் இரண்டாவதை அனுபவ ஆய்வு என்றும் பிரித்து, எது பெரிது என்று அடித்துக்கொள்கிறார்கள்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். உரைகளோடு மல்லுக்கட்டியவனுக்குத் தீர்ப்பு அந்நியமான பிரதி அல்ல. மூலம், மேற்கோள், பிறர் மதம் மறுத்தல், தன் மதம் நிறுவுதல் எல்லாமே அதில் உண்டு. ஒரு வித்தியாசம்தான். பரிமேலழகரின் உரையை ஏற்காவிட்டால் போலீஸ் வராது.

2

இந்தச் சண்டை புதிதல்ல. ஆஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசின் கிழக்கு ஓரத்தில், பல மொழியும் பல மதமும் கலந்த செர்னோவிட்ஸ் நகரில் இருந்த ஆய்கன் எர்லிக், 1913இல் ‘வாழும் சட்டம்’ பற்றி எழுதினார். மக்கள் தமக்குள் கடைப்பிடிக்கும் ஒழுங்குதான் சட்டத்தின் மையம், அரசின் சட்டப் புத்தகம் அதன் ஒரு பகுதிதான் என்பது அவர் கட்சி. வியன்னாவில் இருந்த ஹான்ஸ் கெல்சன் 1915இல் மறுத்தார். இருப்பதை எவ்வளவு விவரித்தாலும் அதிலிருந்து இருக்க வேண்டியது பிறக்காது, இரண்டையும் குழப்பாதே என்றார். இதற்கு முன்பே 1910இல் அமெரிக்காவில் ராஸ்கோ பவுண்ட் புத்தகச் சட்டம் வேறு, நடப்பில் உள்ள சட்டம் வேறு என்று எழுதியிருந்தார்.

ஏதோ வெள்ளைக்காரன் சண்டை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. இதே கேள்வி சென்னையில் அதற்கும் முன்னால் கேட்கப்பட்டுவிட்டது. மதுரை நாட்டு வரலாறு எழுதிய ஜே.எச். நெல்சன் என்ற சிவிலியன், 1877இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் ‘இந்துச் சட்ட’த்தைத் தாக்கி ஒரு நூல் வெளியிட்டார். சமஸ்கிருத ஸ்மிருதிகளையும் அவற்றின் மொழிபெயர்ப்புகளையும் வைத்துக்கொண்டு, அவற்றைக் கேள்விப்பட்டே இராத சாதிகளுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்களே என்பது அவர் குற்றச்சாட்டு. உயர்நீதிமன்ற நீதிபதி இன்னிஸ் 1882இல் அதற்கு மறுப்பே எழுதினார். மக்களின் வழக்கத்தைப் பார் என்ற நெல்சனின் குரல் இன்று வாசிக்கும்போதும் நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் பார்ப்பது யார்? யாழ்ப்பாணத்தில் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் அங்குள்ள வழக்கங்களைத் தொகுத்தார். 12 முதலியார்கள் சரிபார்த்தார்கள். அதுவே தேசவழமை. சரிபார்த்தவர்களில் அடிமையும் இல்லை, பெண்ணும் இல்லை. வழக்கம் எழுத்தில் ஏறிய பிறகு கோர்ட்டுகள் மக்களை விட்டுவிட்டுப் புத்தகத்தை வாசிக்க ஆரம்பித்தன. வழக்கு செய்யுளாகிவிட்டது. அனுபவத் தரவு என்று நாம் கும்பிடுவது பல நேரங்களில் முந்தின தலைமுறையில் அதிகாரம் உள்ளவர்கள் சொல்லிவைத்த வாக்குமூலம்தான்.

3

இதை வடசென்னை மண்ணில் வைத்துப் பார்க்கலாம். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியா தலைவர், முன்நின்று உழைத்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சுலு நாயுடுவும். திரு.வி.க. உடன் நின்றார். பெரம்பூர் வட்டாரத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களே சங்கத்தின் உயிர். 1920 கடைசியில் பக்கிங்காம் ஆலையில் கதவடைப்பு. பின்னி நிர்வாகம் தெருவில் மட்டும் மோதவில்லை, உயர்நீதிமன்றத்துக்கும் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் நஷ்டஈட்டு வழக்கு. இடைக்காலத் தடையும் கிடைத்தது. 1921 தொடக்கத்தில் ஏற்பட்ட சமரசத்தின் விலை, வாடியா சங்கத்தைவிட்டு விலகுவது.

பிரதிவழி ஆய்வின் பலம் இங்கேதான் தெரிகிறது. ஒப்பந்த மீறலைத் தூண்டுவது குற்றம் என்ற கோட்பாடு எங்கிருந்து வந்தது? 1853இல் லண்டனில், ஒரு பாடகி எந்த அரங்கில் பாடுவது என்ற தகராறில் வந்த லம்லி எதிர் கை தீர்ப்பிலிருந்து. ஒபரா பாடகிக்காகச் செய்த விதி பெரம்பூர் நெசவாளியின் கழுத்துக்கு வந்து சேர்ந்தது. 1901இல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில் சங்கத்தின் பணமே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பானதும், இங்கிலாந்தின் தொழிலாளர்கள் போராடி 1906இல் தொழில் தகராறுச் சட்டம் கொண்டுவந்து பாதுகாப்புப் பெற்றார்கள். ஆங்கிலேயப் பொதுச்சட்டம் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. 1906 சட்டம் கப்பலேறவில்லை. லண்டனில் குற்றமில்லாதது சென்னையில் குற்றம். காலனியம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. இதைக் கள ஆய்வு ஒருபோதும் கண்டுபிடித்திருக்காது. பெரம்பூரில் எத்தனை பேரைப் பேட்டி எடுத்தாலும் லம்லியும் கையும் கிடைக்கமாட்டார்கள்.

இந்த வழக்கின் அதிர்ச்சிதான் 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி தீர்மானம் கொண்டுவரக் காரணம். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 18ஆவது பிரிவு, பதிவு பெற்ற சங்கத்தை இதே மாதிரியான சிவில் வழக்கிலிருந்து காப்பாற்றியது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புக்குள் அந்தச் சட்டம் கரைந்துவிட்டது. 1853, 1901, 1906, 1920, 1926 என்று ஒரு நேர்க்கோடு. சட்ட மாணவன் பரீட்சையில் எழுத வசதியான கோடு.

4

இந்தக் கோட்டில் புளியந்தோப்பு இல்லை. 1921 ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை அதே ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தது. தடையுத்தரவு அதை உடைக்கவில்லை. பசியும் துப்பாக்கியும் சாதியும் உடைத்தன. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். நீண்ட வேலைநிறுத்தத்தைத் தாங்க அவர்களிடம் எதுவும் இல்லை. சாதி இந்துத் தலைமை தங்களுக்காக எப்போது நின்றது என்ற கேள்வியும் இருந்தது. எம்.சி. ராஜா வேலைக்குப் போவதை ஆதரித்தார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. நீதிக்கட்சித் தலைவர்களில் சிலர், அரசு ஆதிதிராவிடர்களுக்கு இடம் கொடுத்ததுதான் காரணம் என்று பேசினார்கள். ராஜாவுக்கும் அந்தக் கட்சிக்கும் இடையிலான விரிசல் இதில் அகன்றது.

‘தொழிலாளி’ என்ற சட்டச் சொல்லுக்குச் சாதி கிடையாது. 18ஆவது பிரிவைத் தலைகீழாகப் படித்தாலும் எரிந்த குடிசையின் சாம்பல் அதில் தெரியாது. வழக்கு நடந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கிறவனுக்குத்தான் சங்கம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு சேரிகளும் ஒரு ஊரும் இருந்தது தெரியும்.

அதற்காக அனுபவ ஆய்வு ஜெயித்துவிட்டது என்று கை தட்ட வேண்டாம். 1921ஐப் பற்றி நம்மிடம் இருக்கும் தரவு எது? போலீஸ் அறிக்கை, நிர்வாகத்தின் கடிதம், அரசாணை, தலைவர்களின் நினைவுக் குறிப்பு. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளி தானே எழுதிய வரி ஒன்றை நான் இதுவரை வாசித்ததில்லை. ‘கலவரம்’ என்ற சொல்லை ஆய்வாளன் கோப்பிலிருந்து எடுக்கும்போது, போலீஸ்காரனின் கோட்பாட்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறான். கோட்பாடு இல்லாத தரவு என்று ஒன்று கிடையாது. யாருடைய கோட்பாடு என்பதுதான் கேள்வி.

கடலுக்குள்ளும் இதே கதை. 1990களில் சென்னைக் கடற்கரையில் கள ஆய்வு செய்த மார்ட்டன் பாவிங்க் என்ற டச்சு ஆய்வாளர் ‘ஒரு கடல், மூன்று போட்டியாளர்’ என்று தன் ஆய்வேட்டுக்குப் பெயர் வைத்தார். மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து, ராயபுரம் காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள், அரசு. 1983இன் தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அன்று கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்றிருந்தது. சட்டப் புத்தகம் மட்டும் படித்தால் கடல் அத்துடன் ஒழுங்காகிவிடும். கரைக்கு வந்தால்தான் எந்த விதியை யார் செல்லுபடியாக்குகிறார்கள் என்பது புரியும். ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தை ‘மக்கள் சட்டம்’ என்று கொண்டாடுகிற நண்பர்களுக்கு ஒரு கேள்வி: கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணுக்கு அந்தப் பஞ்சாயத்தில் உட்கார இடம் எங்கே?

5

எண்ணூருக்கு வருவோம். 1991 பிப்ரவரியில் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. அதன்கீழ் 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. பின்னால் வந்த இன்னொரு வரைபடத்தில் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தின் பெரும்பகுதியைக் காணோம். தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக 2017இல் இந்த முரண் வெளியே வந்தது. தண்ணீர் அங்கேயே இருந்தது. வலை போடுகிறவர்களும் இருந்தார்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் தண்ணீரில் கலந்தபடி இருந்தது. காகிதத்தில்தான் ஆறு வற்றியது.

இங்கே அனுபவவாதி சொல்வார்: ஆற்றைப் போய்ப் பார், போதும். பார்க்கலாம். ஆனால் ஆறு கோர்ட்டுக்கு வராது. ஆறு இருக்கிறது என்பதிலிருந்து ஆற்றில் கட்டக் கூடாது என்பது பிறக்காது. கெல்சன் சொன்னது இதைத்தான். முறைப்படி ஒப்புதல் பெற்ற வரைபடத்தை முறைப்படி அல்லாமல் மாற்ற முடியாது என்ற வறட்டுச் சட்டவாதம் மீனவர் கையில் இருக்கும் ஆயுதம். அதை வறட்டுவாதம் என்று தூக்கிப்போட்டால் நஷ்டம் ஆய்வாளனுக்கு இல்லை. அதே சமயம், அந்த ஆயுதத்தை யார் எடுத்தாலும் முதலில் ஆற்றில் இறங்கித் தெரிந்தவர் ஒருவர், ‘இன்னாய்யா இது, ஆத்தையே காணோம்?’ என்று கேட்டாக வேண்டும். வரைபடத்தை வரைபடத்தோடு மட்டும் ஒப்பிடுகிறவனுக்கு இரண்டில் எது பொய் என்று தெரியாது.

‘புறம்போக்கு’ என்ற சொல்லையும் இங்கே நினைக்கலாம். வருவாய்த்துறை மொழியில் அது தீர்வை விதிக்காத, பொதுவுக்கென விட்ட நிலம்: மேய்ச்சலுக்கு, களத்துக்கு, நீருக்கு. தீர்வை வராத நிலம் பயனற்ற நிலம் என்ற எண்ணம் ஊறிய பிறகு அது வசைச் சொல்லாயிற்று. கழிமுகம் சாம்பல் கொட்டும் இடமானதற்குப் பின்னால் இந்தச் சொல்லின் வரலாறும் இருக்கிறது. இதை எந்தக் கேள்வித்தாளும் பிடிக்காது, எந்தத் தீர்ப்பும் மேற்கோள் காட்டாது. இது நம் வேலை.

6

திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பட்டையில் இன்று ஆலைக்குள் போகிறவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். துறைமுகத் தொழிலாளர் சங்கம் ஒன்று கட்சியாக இருந்த ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் 2001 ஆகஸ்ட் 30 அன்று உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டான் என்று சொல்லி, 1996இன் ஏர் இந்தியா தீர்ப்பை மாற்றியது. 1920இல் ஒப்பந்தத்தை மீறத் தூண்டினாய் என்று வழக்கு. இப்போது உனக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தமே இல்லையே என்று வழக்கு. இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் வைக்கக் கோட்பாடு வேண்டும். அந்த நாளில் கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் யார், எந்தத் தெருவுக்கு, எந்தச் சாதிக்கு, எவ்வளவு கடனோடு திரும்பினார்கள் என்று கேட்கக் களம் வேண்டும்.

இரண்டும் வேண்டும் என்று சமரசமாகச் சொல்லி எழுந்துபோக எனக்கு விருப்பமில்லை. இரண்டும் ஒன்றையொன்று விசாரிக்க வேண்டும் என்கிறேன். தீர்ப்பைக் கையில் வைத்திருப்பவனிடம் புளியந்தோப்பு எங்கே என்று கேட்க வேண்டும். தரவைக் கையில் வைத்திருப்பவனிடம் இதை எண்ணியது யார், எண்ணாமல் விட்டது யாரை என்று கேட்க வேண்டும். வடசென்னையின் தொழிற்சங்க வரலாற்றை இப்படி இரண்டு பக்கமும் விசாரித்து எழுதிய நூல்கள் தமிழில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. ஆலைகள் மூடி, கோப்புகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நினைவில் வைத்திருப்பவர்களுக்கு வயதாகிறது. யாராவது நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால் தேவலை.