தென்னையில் கொட்டிய தேள்

தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டும் என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. காரணம் ஓரிடத்திலும் விளைவு வேறோரிடத்திலும் தோன்றுவதைக் கேலி செய்யச் சொல்வது இது. ஆனால் மனித உடலைப் பொறுத்தவரை இது கேலியன்று; உண்மையே. கோபிசெட்டிபாளையம் பகுதியில், கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தில் நெல் வயலில் இறங்கி வேலை செய்பவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். உள்ளங்காலில் முள் ஏறிச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பார்கள். புண் ஓரிடம், வீக்கம் வேறிடம்.

நெறி என்பது யாது? உடலெங்கும் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் பரவியுள்ளன. திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் இவற்றின் வழியே ஓடி மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது. வழியில் ஆங்காங்கே, அவரை விதை போன்ற சிறு கணுக்கள் உள்ளன. வாய்க்கால் மதகில் செத்தையைத் தடுக்கும் கம்பி வலையைப் போல, நிணநீரில் வரும் கிருமிகளையும் வேண்டாத பொருள்களையும் இவை தடுத்து நிறுத்துகின்றன. அப்போது உள்ளேயிருக்கும் வெள்ளணுக்கள் பெருகுவதால் கணு வீங்குகிறது. இதையே நெறி கட்டுதல் என்கிறோம்.

இத்தகைய கணுக்கள் கழுத்தில் மிகுதி. அதே கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, தைராய்டு என்னும் கேடயச் சுரப்பி அமைந்திருக்கிறது. தைராய்டு நோய் உள்ள ஒருவருக்குக் கழுத்தில் நெறி கட்டினால் அது எதைக் காட்டுகிறது? இக்கேள்விக்குச் சரியான விடை காண மருத்துவ உலகிற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் பிடித்தன. இடையில் ஒரு பெரும் பிழையும் நேர்ந்தது. அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

இரண்டு வீக்கங்கள், ஒரே பெயர்

நிணநீர்க் குழாய்களை ஸ்வீடனில் ரூட்பெக், டென்மார்க்கில் பார்த்தோலின் ஆகியோர் 1650-களின் தொடக்கத்தில் கண்டறிந்தனர். 1656-ல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டன் தைராய்டு சுரப்பிக்கு அப்பெயரைச் சூட்டினார். ஆயினும் கழுத்தின் வீக்கங்களைப் பிரித்தறிவது எளிதாக இல்லை. காசநோயால் நெறிகள் மாலை கோத்தாற்போல வீங்குவதை நம் நாட்டில் கண்டமாலை என்றும், தைராய்டு பெருத்துத் தொங்குவதைக் கழலை என்றும் சொன்னார்கள். இலத்தீனிலோ ‘ஸ்ட்ரூமா’ என்ற ஒரே சொல் இரண்டிற்கும் வழங்கிற்று.

1912-ல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹக்காரு ஹாஷிமோட்டோ என்ற இளம் மருத்துவர், நான்கு பெண்களிடமிருந்து அறுத்தெடுத்த தைராய்டுகளை உருப்பெருக்கியில் ஆராய்ந்தார். சுரப்பித் திசுவுக்குள் நிணநீர்க் கணுவில் இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் திரண்டிருப்பதைக் கண்டார். கணு சுரப்பிக்குள் குடிபுகுந்தது போன்ற தோற்றம்! இதை அவர் ஜெர்மன் இதழொன்றில் வெளியிட்டார். பின்னர் சொந்த ஊர் திரும்பி மருத்துவத் தொழில் நடத்திய அவர், 1934-ல் டைபாய்டு காய்ச்சலால் இறந்தார். தம் கண்டுபிடிப்பின் பெருமையை அவர் அறியவே இல்லை.

1956-ல் இலண்டனில் டெபோரா டோனியக், ஐவன் ராய்ட் முதலியோர் இதன் காரணத்தை விளக்கினர். இந்நோயாளிகளின் இரத்தத்தில், தங்கள் தைராய்டையே எதிர்க்கும் எதிர்ப்பொருள் இருந்தது. காவல்காரனே வீட்டுக்காரனைத் தாக்குவது போன்ற நிலை இது. இந்நோயில் சுரப்பியை அடுத்துள்ள கணுக்கள் சிறிது பருத்திருப்பதுண்டு. அது பெரும்பாலும் அச்சத்திற்குரியதன்று.

ஒரு பெரும் பிழை

இனிப் பிழைக்கு வருவோம். கழுத்தின் பக்கவாட்டில் வலியில்லாத கட்டியுடன் சிலர் மருத்துவரிடம் வந்தனர். கட்டியை எடுத்துப் பார்த்தால் அதில் தைராய்டுத் திசு இருந்தது. தைராய்டோ தொட்டுப் பார்க்கையில் இயல்பாகவே இருந்தது. ஆகவே, கரு வளரும்போது வழி தவறி ஒதுங்கிய தைராய்டுத் துண்டுதான் இது என்று முடிவு கட்டி, ‘இடம் மாறிய பக்கத் தைராய்டு’ எனப் பெயரும் இட்டனர். கட்டியை அகற்றி நோயாளியை வீட்டுக்கு அனுப்பினர்.

1942-ல் அமெரிக்காவில் கிங், பெம்பர்ட்டன் ஆகியோரும், 1947-ல் ஜார்ஜ் கிரைல் என்ற அறுவை மருத்துவரும் இக்கருத்தை மறுத்தனர். கட்டி இருந்த பக்கத்துத் தைராய்டைக் கவனமாக ஆராய்ந்தால் அங்கே ஒரு சிறிய புற்று ஒளிந்திருப்பது தெரிந்தது. பக்கத்துக் கட்டி வழி தவறிய துண்டன்று. புற்றணுக்கள் நிணநீர் வழியே வந்து தங்கிய கணுவே ஆகும். பனையில் கட்டிய நெறியைப் பார்த்தவர்கள், தேள் கொட்டிய தென்னையைப் பார்க்கத் தவறிவிட்டனர்!

இயற்பியல் தந்த கருவி

அப்படியானால் வேறு எந்தக் கணுக்களில் அப்புற்று ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? இங்கேதான் இயற்பியல் உள்ளே வருகிறது. 1936 நவம்பரில், பாஸ்டன் நகரில் கார்ல் காம்ப்டன் என்ற இயற்பியல் அறிஞர் மருத்துவர்களிடையே சொற்பொழிவாற்றினார். அங்கிருந்த சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர், அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உடையதாக்க முடியுமா என்று கேட்டார். நாம் உண்ணும் அயோடினைத் தேடிப் பிடித்துச் சேர்த்து வைப்பது தைராய்டின் இயல்பு. அந்த அயோடினில் கதிரியக்கம் இருந்தால் அது போகுமிடத்தை வெளியிலிருந்தே அறியலாம் அல்லவா?

1938-ல் லிவிங்குட், சீபோர்க் ஆகியோர் அயோடின்–131 என்ற ஓரிடத்தானைக் கண்டறிந்தனர். இதன் அரை ஆயுட்காலம் 8 நாள். அதாவது, இன்று 16 பங்கு இருந்தால் 8-ஆம் நாள் 8 பங்கும், 16-ஆம் நாள் 4 பங்கும், 24-ஆம் நாள் 2 பங்கும் எஞ்சும். 80 நாளில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே மிஞ்சும். இது வெளியிடும் காமாக் கதிர் உடலைத் துளைத்து வெளிவந்து இருப்பிடத்தைக் காட்டுகிறது. பீட்டாக் கதிரோ இரண்டொரு மில்லிமீட்டருக்குள் அடங்கி, அருகிலுள்ள செல்களை மட்டும் அழிக்கிறது. ஒற்றனும் அவனே, போர்வீரனும் அவனே!

இடம் பெயர்ந்த தைராய்டுப் புற்றுச் செல்களில் பல, பிறந்த வீட்டுப் பழக்கத்தை மறப்பதில்லை. சென்ற இடத்திலும் அயோடினை ஈர்க்கின்றன. 1942-ல் இது உறுதியாயிற்று. 1943-ல் நியூயார்க்கில் சைட்லின் என்ற மருத்துவர், உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய தைராய்டுப் புற்றுக்குக் கதிரியக்க அயோடினால் சிகிச்சை தொடங்கினார். எல்லா வகைத் தைராய்டுப் புற்றும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. எனினும் மிகுதியாகக் காணப்படும் வகைகளுக்கு இது இன்றும் பயன்படுகிறது.

இந்தியாவில்

எட்டே நாளில் பாதியாகும் பொருளை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவழைப்பதாக வைத்துக்கொள்வோம். 24 நாள் பயணம் என்றால் எட்டில் ஒரு பங்குதான் கைக்கு வரும். எனவே நம் நாட்டிலேயே அணு உலை தேவைப்பட்டது. 1956 ஆகஸ்ட் 4-ஆம் நாள் டிராம்பேயில் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. 1960-ல் சைரஸும் 1985-ல் துருவாவும் தொடர்ந்தன. 1963-ல் பம்பாயில் கதிர்வீச்சு மருத்துவ மையம் நிறுவப்பட்டது. தைராய்டு நோயாளிகளுக்கு இம்மையம் பெருந்தொண்டு ஆற்றியுள்ளது.

அதே 1956-ல் இமயமலை அடிவாரத்தில், காங்கிரா பள்ளத்தாக்கில், வு. இராமலிங்கசாமி தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. இரு பகுதிகளில் அயோடின் கலந்த உப்பும் ஒரு பகுதியில் சாதாரண உப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது, மற்றதில் குறையவில்லை. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. அயோடின் குறைவால் வரும் இக்கழலையில் நெறி கட்டுவதில்லை என்பதை நினைவில் கொள்ளவேண்டும். கழலையுடன் நெறியும் காணப்பட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

தொண்டைப் புண், பல் சொத்தை, தலைப் புண் ஆகியவற்றால் கட்டும் நெறி வலிக்கும். இரண்டு மூன்று வாரங்களில் வற்றிவிடும். தைராய்டு நோயாளிக்கும் நெறி பெரும்பாலும் இவ்வாறே வருகிறது. ஆனால் மூன்று வாரம் கடந்தும் வற்றாத, வலியின்றிக் கெட்டியாக வளரும் நெறியை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். காறை எலும்புக்கு மேலே கட்டும் நெறி, குரல் மாற்றம், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவை இருந்தால் மூன்று வாரமும் காத்திருக்கக் கூடாது. நம் நாட்டில் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். அதைக் குணப்படுத்த முடியும். கேளா ஒலி அலைச் சோதனையும் மெல்லிய ஊசியால் எடுக்கும் செல் சோதனையும் உண்மையைக் காட்டிவிடும்.

புற்று என்றே தெரிந்தாலும் மனம் உடைய வேண்டியதில்லை. தைராய்டுப் புற்றில் பெரும்பான்மையான வகை, கழுத்து நெறிக்குப் பரவிய பின்னும், குறிப்பாக இளவயதினரிடம், சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுகிறது. அஞ்ச வேண்டியது காலதாமதத்திற்கே. வலிக்கவில்லையே என்று பற்றுப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கலாம். அவரிடம் இந்தப் பழமொழியைச் சொல்லுங்கள். நெறியைக் கண்டவர், தேளையும் தேட வேண்டும்.