மீன் பிடிக்க எங்கேப்பா போகலாம்?

முழுப்பரீட்சை லீவு ஆரம்பிச்ச மறுநாளே பொண்ணு கேட்டுட்டா. "தாத்தா உங்களை மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போனாருல்ல, நீங்க என்னை எப்பப்பா கூட்டிட்டுப் போவீங்க?" வயசு ஒன்பது. சமாளிக்க முடியாத வயசு.

கேள்வி நியாயமானதுதான். ஆனா எங்கப்பா என்னைத் தூண்டில் போடக் கூட்டிட்டுப் போனது ஒரே ஒரு தடவை. ரெண்டாவது தடவை ஏன் போகலைங்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

சரி, எங்கே போறது? கடல் வேண்டாம்னு முதல்லயே முடிவு பண்ணியாச்சு. நல்ல தண்ணி மீன்தான். ஒரு பழைய நோட்டுல நாலு இடம் எழுதினேன். நீலகிரி, காவிரி, மேட்டூர், எங்க அம்மா ஊர் கண்மாய். ஒவ்வொரு இடத்துலயும் என்ன மீன் கிடைக்கும்னு பார்க்கத்தான் படிக்க ஆரம்பிச்சேன். பார்த்தா, அந்த மீன் அந்தத் தண்ணிக்கு எப்படி வந்துச்சுங்கிறது மீனை விடப் பெரிய கதையா இருக்கு. அதான் இந்தக் கட்டுரை.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். தூண்டில் ஏதோ வெள்ளைக்காரன் கொண்டு வந்த பொழுதுபோக்குன்னு நினைக்கிறவங்க இருக்காங்க. குறுந்தொகையில ஒரு புலவரோட பேரே மீனெறி தூண்டிலார். சொந்தப் பேர் என்னன்னு யாருக்கும் தெரியாது. யானை வளைச்சுப் பிடிச்ச மூங்கிலை விட்டதும் அது விசுக்குனு மேல எழும்புறதை, மீன் மாட்டினதும் சுண்டி எடுக்கிற தூண்டிலுக்கு ஒப்பிட்டுப் பாடியிருக்கார். அந்த உவமையே அவருக்குப் பேரா நின்னுடுச்சு. தூண்டில் பிடிச்ச கை இல்லாம அப்படி ஒரு உவமை வராதுன்னு எனக்குத் தோணும்.

1. நீலகிரி: கப்பல் ஏறி வந்த மீன்

ஊட்டிக் குளிரைப் பார்த்த வெள்ளைக்கார துரைமார்களுக்கு ஊர் ஞாபகம் வந்துடுச்சு. மலை இருக்கு, ஓடை இருக்கு, குளிர் இருக்கு. ஆனா ஓடையில டிரவுட் மீன் மட்டும் இல்லை. அப்ப கொண்டு வந்துட வேண்டியதுதானே!

1860களில் பிரான்சிஸ் டே முயற்சி பண்ணினார். மதராஸ் ராணுவத்துல டாக்டர். இந்திய மீன்களைப் பத்தி இன்னைக்கும் புரட்டுற பெரிய புத்தகத்தை எழுதினவர். இங்கிலாந்துலேர்ந்து டிரவுட் முட்டைகளைக் கொண்டு வந்து இங்க பொரிக்க வைக்கணும்னு பார்த்தார். தோல்விதான். அந்த மீனுக்குக் குளிர்ந்த, காற்றோட்டமுள்ள ஓடுற தண்ணி வேணும். வெப்பக் கடலைத் தாண்டி வர்ற கப்பல்ல அதுக்கு எங்கே போறது?

ஆனா அவங்க விடலை. 1879ல நீலகிரியில வேட்டைக்கும் மீனுக்கும்னு தனியா ஒரு பாதுகாப்புச் சட்டமே வந்துச்சு. 1907ல மதராஸ் மாகாணத்துக்கு மீன்வளத் துறை உருவாச்சு. அதுக்குத் தலைமை ஃபிரடெரிக் நிக்கல்சன். கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழி காட்டின அதே நிக்கல்சன்தான். அதே காலத்துல எச்.சி. வில்சன் அவலாஞ்சியில ஒரு குஞ்சு பொரிப்பகம் அமைச்சார். இந்தத் தடவை வந்தது ரெயின்போ டிரவுட். இலங்கை மலைகள்லேர்ந்தும் நியூசிலாந்துலேர்ந்தும் முட்டைகள் வந்துச்சு. இது பொழைச்சுக்கிச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, ரெயின்போ டிரவுட் இங்கிலாந்து மீனே இல்லை. பசிபிக் கரையோர வட அமெரிக்க ஆறுகள்தான் அதோட சொந்த ஊர். ஆக, இங்கிலாந்து ஞாபகத்துல தவிச்சவங்களுக்காக அமெரிக்க மீன் ஒண்ணு உலகம் சுத்தி வந்து நம்ம ஊர் மலையில குடியேறியிருக்கு.

பொண்ணுகிட்ட சொன்னேன். "அப்ப அங்க முன்னாடி இருந்த மீன் என்ன ஆச்சு?"ன்னா. டிரவுட் மாமிசம் தின்னுற மீன். சின்ன மீனையும் பூச்சியையும் விடாது. பதில் சொல்லிட்டு நானே கொஞ்சம் யோசிச்சேன். அதுவும் போக, அவலாஞ்சி வனத்துறைக்குக் கீழ இருக்கிற இடம். அனுமதி வாங்காம தூண்டிலோட போய் நிக்க முடியாது. செயற்கை ஈயைச் சுழட்டி வீசுற தூண்டில் ஒன்பது வயசுக் கைக்கு சிரமம். நீலகிரியை அடிச்சாச்சு.

2. காவிரி: பேர் வைக்கும் முன்னாடியே தேய்ந்த மீன்

அடுத்தது மஹசீர். கெண்டைக் குடும்பம்தான், ஆனா கெண்டைன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. ஒவ்வொரு செதிலும் உள்ளங்கை அகலம் வரும். 1873ல ஹென்றி சல்லிவன் தாமஸ்னு ஒரு மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி, இந்தியாவில் தூண்டில் போடுறதைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். சால்மனை விட மஹசீர் இழுவைதான் பெருசுன்னு அவர் அடிச்சுச் சொன்னதும் ஆளாளுக்குத் தென்னிந்திய ஆறுகளுக்குக் கிளம்பிட்டாங்க. 1919ல காவிரியில 119 பவுண்ட் மீன் ஒண்ணு. 1946ல மைசூர் பக்கம் கபினியில 120 பவுண்ட். அதாவது சுமார் 54 கிலோ. என் பொண்ணு ரெண்டு பேரை ஒண்ணா நிறுத்தின எடை!

ஆத்துல வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிக்கிறது அப்பவே இருந்துச்சு. அதைத் தடுக்கத்தான் 1897ல இந்திய மீன்வளச் சட்டம் வந்துச்சு. சட்டம் வந்துச்சே தவிர வெடி நிக்கலை. சுதந்திரத்துக்கு அப்புறம் இந்தப் பெரிய மஹசீர் அழிஞ்சே போச்சுன்னுதான் வெளிநாட்டுல பல பேர் நினைச்சாங்க. 1977ல மூணு இங்கிலாந்து இளைஞர்கள் தேடி வந்து, காவிரியில இன்னும் இருக்குன்னு காட்டினாங்க. 1972லயே பெங்களூர்ல ஆரம்பிச்ச ஒரு வனவிலங்கு சங்கம் ஆத்துல ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டுச்சு. பீமேஸ்வரி, கலிபோர்னு கர்நாடகப் பக்கம் முகாம்கள் வந்துச்சு. திருட்டு மீன் பிடிச்சவங்களே அங்க வழிகாட்டிகளா வேலைக்குச் சேர்ந்தாங்க. மீனைப் பிடிச்சு, எடை பார்த்து, திரும்ப விட்டுடணும். இதுதான் விதி.

நல்ல கதையா இருக்குல்ல? இங்கதான் கதை திரும்புது. மஹசீரைப் பெருக்கணும்னு நல்ல எண்ணத்துல, லோனாவாலாவில பொரிச்ச குஞ்சுகளைக் கொண்டு வந்து காவிரியில விட்டாங்க. ஆனா அது வேற இனம், நீலத் துடுப்பு மஹசீர். காவிரியோட சொந்த மஹசீர் முதுகு திமில் மாதிரி உயர்ந்து இருக்கும். வந்த இனம் பெருகிச்சு, இருந்த இனம் தேஞ்சு போச்சு. மஹசீர் நிறைய கிடைக்குதுன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தப்ப, எந்த மஹசீர்னு கவனிச்சவங்க குறைவு.

இதை விடக் கொடுமை, அந்தத் திமில் மஹசீருக்கு 2018 வரைக்கும் சரியான அறிவியல் பேரே உறுதியாகலை. கேரளாவில பாம்பாறுன்னு ஒரு ஆறு. அது கிழக்கே ஓடி அமராவதியில சேருது, அமராவதி காவிரியில சேருது. அந்தப் பாம்பாத்து மீனுக்கு டோர் ரேமாதேவின்னு ஏற்கனவே பேர் வச்சிருந்தாங்க. காவிரித் திமில் மஹசீரும் அதே இனம்தான்னு 2018லதான் தெரிஞ்சுது. அதே வருஷம் அழிவின் விளிம்புல இருக்கிற உயிரினப் பட்டியல்லயும் சேர்ந்துடுச்சு. பேர் கிடைச்ச வருஷமே சாவோலை மாதிரி ஒண்ணு.

சரணாலயப் பகுதியில தூண்டில் போடுறதை 2010க்கு அப்புறம் நிறுத்திட்டாங்க. மொத்தத்துல, காவிரி மஹசீரைக் கதையாச் சொல்லலாம், தூண்டில் போடக் கூடாது. இதையும் அடிச்சாச்சு.

3. மேட்டூர்: எல்லா ஊர் மீனும் கூடுற இடம்

மேட்டூர் அணை 1925ல ஆரம்பிச்சு 1934ல முடிஞ்சது. 120 அடின்னு நியூஸ்ல கேட்டுக் கேட்டு நமக்கெல்லாம் மனப்பாடம். டெல்டாவுக்கு அது உயிர். ஆனா மீன் பக்கத்துலேர்ந்து பார்த்தா அது ஒரு சுவர்.

கடல்லேர்ந்து ஆத்துக்குள்ள ஏறி வந்து முட்டை போடுற உல்லம்னு ஒரு மீன் உண்டு. வங்காளிகள் உயிரை விடுற இலிஷ் இதேதான். கொள்ளிடத்துல 1836ல காட்டன் கட்டின கீழணை அதுக்கு முதல் தடை. மீன் ஏறிப் போக அங்க ஒரு வழி அமைச்சுக்கூடப் பார்த்தாங்க, உல்லம் ஏறலை. அப்புறம் மேட்டூர் வந்ததும் மேல் காவிரிக்கும் கடலுக்கும் தொடர்பே விட்டுப் போச்சு.

அணை ஏரியில இப்ப இருக்கிற பல மீன்கள் வந்தேறிகள். கட்லா கோதாவரியிலேர்ந்து வந்தது. ரோகு, மிர்கால் வடக்கத்தி ஆறுகள். ஜிலேபி கெண்டை ஆப்பிரிக்கா. அது 1952ல மண்டபத்துக்கு வந்துச்சு. ஏழைக்குப் புரதம்னு நம்பிக் கொண்டு வந்தாங்க. அடுத்த சில வருஷத்துல குளம் குளமா பரவி மத்த மீனுக்கு இடம் இல்லாம பண்ணவும், 1959ல இதை இனிமே பரப்பாதீங்கன்னு மீன்வள ஆராய்ச்சிக் குழுவே சொல்லிடுச்சு. ஜிலேபி கேக்குமா?

அது இப்படிப் பெருகுறதுக்குக் காரணம் அம்மா மீன். முட்டையை வாயிலயே வச்சுப் பொரிக்கும். குஞ்சு வெளிய வந்து விளையாடும். ஆபத்துன்னா திரும்ப அம்மா வாய்க்குள்ள ஓடிடும். இதைக் கேட்டுப் பொண்ணு பத்து நிமிஷம் வாயைப் பொத்திக்கிட்டே திரிஞ்சா.

சின்னப் பிள்ளைக்கு ஜிலேபிதான் சுலபமான மீன். ஆனா அணைக்கட்டு ஏரி கரையோரமே சட்டுனு ஆழம் வாங்கும். உரிமம் வாங்கி வலை போட்டுப் பொழைக்கிறவங்க இடம் வேற. இதை "அப்புறம் பார்க்கலாம்" பட்டியல்ல போட்டேன்.

4. கண்மாய்

மிச்சம் இருந்தது அம்மா ஊர். சிவகங்கைப் பக்கம் ஒரு நடுத்தரக் கண்மாய்.

கண்மாய் மீனுக்கும் சரித்திரம் உண்டுங்க. பழைய கல்வெட்டுகள்ல மீன் பாட்டம், பாசிப் பாட்டம்னு வரும். ஏரியில மீன் பிடிக்கிற உரிமைக்குக் கொடுக்கிற காசு. அந்த வருமானத்தை அதே ஏரியைத் தூர் வாரவும் கரையைப் பலப்படுத்தவும் ஒதுக்கின ஊர்கள் இருந்திருக்கு. மீன் வித்த காசுல ஏரி வாழும், ஏரி வாழ்ந்தா மீன் வாழும். எவ்வளவு சுருக்கமான பொருளாதாரம்! இன்னைக்கும் கண்மாய் குத்தகை இருக்கு. கோடையில தண்ணி வத்தினதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எல்லாம் ஊத்தாவும் வலையுமா ஒரே நேரத்துல இறங்குவாங்க.

விரால், குறவை, கெளுத்தி, உளுவை, அயிரை. இதெல்லாம் யாரும் கப்பல்ல கொண்டு வராத மீன்கள். விரால் மேல வந்து காத்தைக் குடிக்கும். தண்ணி வத்தினா சேத்துக்குள்ள பதுங்கி மழைக்குக் காத்திருக்கும். நம்ம ஊர் வறட்சிக்குன்னே பொறந்த மீன்.

இப்ப எங்கப்பா கதை. எனக்கும் அப்ப ஒன்பது பத்து வயசுதான். ஐப்பசி மழை முடிஞ்சு கண்மாய் நிறைஞ்சிருந்துச்சு. மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை, முள். தவளைக் குஞ்சை மாட்டி அப்பா போட்டார். போட்டதும் அடிச்சுது, ஒண்ணேகால் கிலோ விரால். நான் குதிக்கிறேன். அப்புறம்தான் பார்த்தோம், அது கிடந்த இடத்துல தண்ணிக்கு மேல செக்கச் செவேல்னு ஒரு கூட்டம். விரால் குஞ்சு, நூத்துக்கணக்குல. விரால் முட்டை போட்டதும் விட்டுட்டுப் போகாது. குஞ்சு வளர்ற வரைக்கும் கூடவே கிடந்து காவல் காக்கும். பக்கத்துல எது வந்தாலும் பாயும். அன்னைக்கு அது தவளையைப் பசியில கடிக்கலை. குஞ்சுகிட்ட வந்துடுச்சேன்னு கடிச்சிருக்கு.

கொஞ்ச நேரத்துல அந்தச் செவப்புக் கூட்டம் கலைய ஆரம்பிச்சுது. கீழேர்ந்து கெளுத்தி, மேலேர்ந்து கொக்கு. அப்பா மீனைத் திரும்ப விடலாமான்னு பார்த்தார். முள் தொண்டை வரைக்கும் இறங்கியிருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி குழம்பு வச்சாங்க. அப்பா மோர் ஊத்திச் சாப்பிட்டு எழுந்துட்டார். அப்புறம் எத்தனையோ தடவை கேட்டும் என்னைக் கூட்டிட்டுப் போகலை. ஏன்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. இப்ப கேக்க அவர் இல்லை.

பொண்ணுகிட்ட இதைச் சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சு, சொல்லிட்டேன். அவ அழலை. "அப்ப குஞ்சு இல்லாத மாசத்துல போலாம்"னா. முப்பது வருஷமா எனக்குத் தோணாதது!

ஆக முடிவு இதுதான். கோடையில இல்லை. தண்ணியும் இருக்காது. பொங்கல் லீவு. மழையில பொரிச்ச குஞ்சுகள் அதுக்குள்ள பெரும்பாலும் தனியாப் பொழைக்கக் கத்துக்கிட்டிருக்கும், கண்மாயிலயும் தண்ணி கிடக்கும். குத்தகை எடுத்திருக்கிற பெரியப்பாகிட்ட முறையாக் கேட்டாச்சு. "புள்ளைய மடைப்பக்கம் விடாதே, ஆழம். ஆலமரத்துக் கரையில உக்காந்துக்கங்க"ன்னார். தவளை கிடையாது, மண்புழுதான். கெளுத்தியோ குறவையோ எது மாட்டுதோ அது. கெளுத்தி முள்ளைக் கழட்டுறது என் வேலை, அவ கை வைக்கக் கூடாது. தண்ணிக்கு மேல செவப்பா எதாவது தெரிஞ்சா உடனே கம்பைத் தூக்கிடணும். இந்தக் கடைசி விதி அவ போட்டது.

காலண்டர்ல தை மாசத்துப் பக்கத்தைத் தேடி மீன் படம் வரைஞ்சு வச்சிருக்கா. பக்கத்துல சின்னச் சின்னதா நிறையப் புள்ளி. அது என்னன்னு கேட்டேன்.

"குஞ்சுப்பா. பெருசாயிடுச்சு, பயமில்லை"ன்னா.